காற்று மிஷினுக்கு நான் அடித்த நீலப் பெயிண்ட்

விருத்தாசலம் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பு 10.12.2025 புதன்கிழமை காலை 11.15 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் வீராயி. வயது நாற்பத்தாறு. கணவர் பெயர் கொளஞ்சியப்பன், அவர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் பெயரை எழுதத் தெரியும்.

நேற்றும் இதே நேரத்துக்கு இங்கே வந்தேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்றும், ஒரு நாள் யோசித்துவிட்டு வரும்படியும் நடுவர் அம்மா அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். யோசித்துவிட்டு வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை. எதுவும் தருவதாகவும் யாரும் சொல்லவில்லை. இப்போது இந்த அறையில் போலீஸ்காரர்கள் யாரும் இல்லை.

தொழிற்பேட்டையில் கோவிந்தசாமி என்பவருக்குச் சொந்தமான பொம்மைக் கம்பெனியில் நான் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பீங்கானில் வாத்து, முயல், பூ ஜாடி எல்லாம் செய்கிற கம்பெனி. என் தங்கச்சி பாரதி, வயது முப்பத்துநான்கு, அவளையும் நான்தான் நான்கு வருடம் முன்பு அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டேன். பொம்மைகளைச் சூளையில் வைப்பதற்கு முன்னால் மினுமினுப்பு வருவதற்காக கிளேஸ் என்கிற வெள்ளைக் கரைசலை அதன் மேல் பீய்ச்சி அடிக்க வேண்டும். அந்த வேலை பாரதியுடையது. பீய்ச்சுவதற்குக் காற்று வேண்டும். அதற்காக அவள் உட்காரும் இடத்துக்கு இரண்டு கை தூரத்தில் கம்ப்ரசர் இருந்தது. நாங்கள் காற்று மிஷின் என்போம். பெரிய இரும்பு டேங்க், அதன் மேலே மோட்டார், பக்கத்தில் முள் காட்டுகிற மீட்டர். காலையில் அதைப் போடுவதும் சாயந்திரம் நிறுத்துவதும் என் வேலை.

அந்த டேங்கின் தலையில் சேப்டி வால்வு என்று ஒன்று இருக்கும். கட்டை விரல் அளவு பித்தளை. அதில் சுண்டு விரல் நுழைகிற மாதிரி ஒரு கம்பி வளையம் தொங்கும். அது எதற்கு என்று எனக்கு முதலில் தெரியாதுதான். ஆனால் போன ஆடி மாதம் மிஷின் ரிப்பேராகி, பாலக்கரைப் பக்கம் கடை வைத்திருக்கிற இஃப்திகார் என்ற மெக்கானிக் தம்பி வந்தபோது என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொன்னான்.

"யக்கா, நீங்கதான் தெனம் போடுறீங்க, அதனால உங்களுக்குச் சொல்றேன். வாரத்துக்கு ஒருவாட்டி இந்த வளையத்தப் புடிச்சு இழுத்து வுடுங்க. வீல்னு கத்தும். பயப்படாதீங்க. கத்துனாதான் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். உங்க வூட்டு குக்கருக்கு விசிலு எப்பிடியோ அப்பிடி."

அவன் இழுத்தும் காட்டினான். பாரதி காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் நான் குக்கரை மூடுவதற்கு முன்னால் மூடியில் இருக்கிற விசில் ஓட்டையில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் வெயிட்டு போடுகிறவள். அதனால் அவன் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. டேங்க் நிறைந்ததும் தானாக நிற்கிற ஆட்டோ சுவிட்ச் பழுதாகப் போகிறது, வேறு மாற்ற வேண்டும் என்று அந்தத் தம்பி ஓனரிடமும் சொன்னான். ஓனர் பார்க்கலாம் என்றார். மாற்றவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. என் பங்கை மட்டும் நான் சொல்கிறேன்.

அதன் பிறகு நான்கைந்து வாரம் வளையத்தை இழுத்து விட்டேன். அப்படி இழுத்ததிலோ என்னவோ, அந்த வால்விலிருந்து சன்னமாகக் காற்று கசிய ஆரம்பித்தது. நாள் முழுக்க உஸ்ஸென்று ஒரு சத்தம். பாரதிக்கு அது தலைவலி. அவள் எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள்.

"யக்கா, எங்க மாமியாகிட்டருந்து தப்பிச்சு இங்க வந்தா, இங்கயும் ஒரு மாமியாள ஒக்கார வச்சிருக்கியே. காத்தால ஆரம்பிச்சா வெளக்கு வைக்கிற வரைக்கும் வாய மூடாது போல இருக்குதே" என்றாள்.

நான் அந்த மெக்கானிக்குக்குப் போன் செய்திருக்கலாம். அவன் நம்பரை அவனே சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தான். நான் செய்யவில்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் பூஜைக்கு முதல் நாள் எல்லா மிஷினையும் கழுவித் துடைத்துப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைப்பது வழக்கம். காற்று மிஷினுக்கு வருடா வருடம் நான்தான் அடிப்பேன். இந்த வருடம் ஓனர் மயில் கழுத்து நீலத்தில் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தார். செப்டம்பர் முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் உட்கார்ந்து டேங்க் முழுக்க அடித்தேன். வால்வு இருக்கும் இடத்தில் வந்தபோது, இந்தச் சத்தத்தையும் அடைத்துவிடலாம் என்று தோன்றியது. பாரதிக்காகத்தான் தோன்றியது. பிரஷை ஒற்றி ஒற்றி அந்தச் சந்து எல்லாம் இறங்குகிற மாதிரி அடித்தேன். காய விட்டு மறுபடி அடித்தேன். மூன்று தடவை அடித்தேன். அதன் பிறகு சந்தனம் தடவி, அந்த வளையத்தில் குங்குமம் வைத்தேன்.

பாரதி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குதுக்கா. ஓனரு பாத்தா மாப்ள தேட ஆரம்பிச்சுடுவாரு" என்றாள்.

பூஜை முடிந்து மூன்றாம் தேதி மிஷினைப் போட்டபோது சத்தம் இல்லை. ஓனர் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டார். "பரவால்லியே வீராயி, மெக்கானிக்கு கெட்டான் போ" என்றார். நான்கு பேர் முன்னால் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை வளையத்தை இழுத்தேன். வரவில்லை. பெயிண்ட் இறுகிக் கிடந்தது. ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினேன். அசையவில்லை. ஒடிந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். அந்தத் தம்பி சொன்னது அப்போதே எனக்கு ஞாபகம் வந்தது. இதை இங்கே தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறந்துபோனேன் என்று நான் சொல்லவில்லை. ஓனரிடம் போய், நீங்கள் மெச்சிய வேலையால் வால்வு கெட்டுப்போனது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. பாரதியிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு நவம்பர் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை மிஷினின் பெல்ட் அறுந்து, இஃப்திகார் தம்பி மாற்ற வந்தான். மழை, கரண்ட் இல்லை. அதனால் மிஷினை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. பெல்ட்டை மாட்டிவிட்டு நிமிர்ந்தவன் வால்வைப் பார்த்தான். ஓனர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னாக்கா இது, இதுக்குமா பெயிண்ட் அடிச்சீங்க? வளையம் வருதா?" என்று கேட்டுக்கொண்டே கையை அதன் மேல் கொண்டுபோனான்.

"அதெல்லாம் வருது தம்பி. நேத்துகூட இழுத்துப் பாத்தேன், கத்துச்சு" என்று நான் சொன்னேன்.

"அப்ப சரிக்கா" என்று கையை எடுத்துக்கொண்டான். அடுத்து ஒரு இடத்தில் வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆட்டோ சுவிட்ச் பற்றி ஓனரிடம் இன்னொரு முறை சொல்லிவிட்டுத்தான் போனான்.

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, நான்கு நாள் மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. காலை ஒன்பதரை மணிக்கு மிஷினைப் போட்டேன். ஆட்டோ சுவிட்ச் சில நாள் நிற்கும், சில நாள் நிற்காது. அதனால் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்தால் நாங்களே கையால் நிறுத்துவோம். அதற்குள் ஓனர், ஈரச் சரக்கை எல்லாம் வெயிலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். நான் பாரதியிடம் முள்ளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் கிளேஸைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் அடிக்க ஆரம்பிக்காததால் காற்று செலவாகாமல் டேங்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

"நீ போக்கா. அதான் இப்ப வாயத் தொறக்காம சமத்தா இருக்குதே" என்றாள்.

வால்வு சரியாக இருந்திருந்தால் முள் ஏறும்போது அதுவே கத்திக் காற்றை வெளியே விட்டிருக்கும். அவள் வேலை மும்முரத்தில் முள்ளைப் பார்க்காமல் இருந்திருந்தாலும் காதில் கேட்டிருக்கும்.

நான் வாத்துப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து பத்து அடி நடந்திருப்பேன். அப்போது வெடித்தது. வெடி என்றால் பட்டாசு மாதிரி இல்லை. காது அடைத்து, அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஷெட் ஓடெல்லாம் பறந்து விழுந்தது. நான் உடனே ஓடினேன் என்று போலீசில் சொன்னேன். அது பொய். பலகையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடினேன். ஈர வாத்து உடைந்தால் திட்டு விழும் என்று பதினோரு வருடப் பழக்கம், கை அப்படியே செய்துவிட்டது. பலகையில் இருபத்துநான்கு வாத்து. ஒன்றும் உடையவில்லை.

உள்ளே மாவு மாதிரி வெள்ளைத் தூசி. டேங்கின் அடிப்பக்கம் வாழைப்பூ விரிந்த மாதிரி விரிந்து கிடந்தது. பாரதி சுவரோரம் கிடந்தாள். முகம் முழுக்க கிளேஸ். நான் முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வெள்ளையே வந்தது. பிறகு சிவப்பு வந்தது. ஓனர் வண்டியில்தான் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலை இருந்தது. போகும்போதே உயிர் இல்லை.

ஆஸ்பத்திரி மரத்தடியில் ஓனர் என்னிடம் வந்து, "நடந்தது நடந்துபோச்சு. சனிக்கெழம அந்தப் பையன் வந்து கை வச்சான்ல, அதச் சொல்லு. நீ பெயிண்ட் அடிச்சதெல்லாம் எதுக்கு இழுக்கற. உனக்குத்தான் கேடு" என்றார்.

சாயந்திரம் போலீசார் விசாரித்தபோது, மெக்கானிக் இஃப்திகார் சனிக்கிழமை வந்து சேப்டி வால்வை அடைத்துவிட்டதாகவும், இனிமேல் சத்தம் வராது, யாரும் இதைத் தொடக்கூடாது என்று அவன் சொன்னதாகவும், அதை நானே பார்த்ததாகவும் சொன்னேன். வால்வை அடைத்தான் என்பதையும் யாரும் தொடக்கூடாது என்பதையும் ஓனர் சொல்லிக் கொடுக்கவில்லை. அவை நானாகச் சேர்த்தவை. எதிரில் பாரதியின் வீட்டுக்காரர் காத்தவராயன் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கும்போது வேறு ஒன்றும் என் வாயில் வரவில்லை.

தெரிந்தே அடைத்தான் என்று நான் சொன்னதால், இருபதாம் தேதி அந்தத் தம்பியைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். வளையத்தை இழுத்துப் பார்த்ததாக அக்காதான் சொன்னது, அவர்களையே கேளுங்கள் என்று அவன் போலீசில் சொல்லியிருக்கிறான். என்னைத் திரும்பக் கேட்டார்கள். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சொன்னேன்.

வெடித்த அன்று அந்த வால்வு கிடைக்கவில்லை. பறந்து எங்கோ போய்விட்டது. அதிகாரிகள் எல்லாம் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போன பிறகு, இருபத்துநான்காம் தேதி ஓனர் எங்களைக் கூட்டிப் பெருக்கச் சொன்னார். உடைந்த சரக்கு கொட்டுகிற மேட்டில் நீலமாக ஏதோ தெரிந்தது. வால்வு. வளையத்தோடு கிடந்தது. குங்குமம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அதை மடியில் முடிந்துகொண்டு வந்து, வீட்டில் அரிசி டிரம்மில் போட்டு வைத்தேன். தினம் அரிசி அளக்கும்போது கையில் படாமல் ஓரமாக அளப்பேன். இன்று அதை எடுத்து வந்து நடுவர் அம்மா அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதில் இருப்பது என் பெயிண்ட். கத்தியால் சுரண்டினால் மூன்று பூச்சு தெரியும். அந்தத் தம்பி அதைத் தொடவே இல்லை.

பாரதிக்கு வெண்பா என்று ஒரே பெண். நான்காம் வகுப்பு படிக்கிறது. அம்மா போன பிறகு என்னோடுதான் படுத்துக்கொள்ளும். டிசம்பர் மூன்றாம் தேதி பதினாறாம் நாள் காரியம் நடந்தது. அன்று காத்தவராயன், "அவன் ஜாமீன்ல வெளிய வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. நானும்தான்.

அதன் பிறகு ஆறாம் தேதி சனிக்கிழமை பதினொரு மணி இருக்கும், நான் அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். வெண்பாதான் போனது. அந்தத் தம்பியின் தாயார் ஜைத்தூன் பீவி வந்திருந்தார்கள். நான் இருந்த இடத்தில் பேச்சு எல்லாம் கேட்டது.

"பெரியம்மா இருக்காங்களா பாப்பா?"

"நீங்க யாரு?"

"இஃப்திகார் அம்மா."

"ஒங்க புள்ளதான் எங்கம்மாவக் கொன்னது."

"அப்பிடின்னு யாரு கண்ணு சொன்னா?"

"பெரியம்மாதான் பாத்தாங்க."

பிறகு அந்த அம்மா, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று குழந்தை சொன்னது. அப்புறம் செருப்புச் சத்தம் தெருவில் போவது கேட்டது. நான் எழுந்து போகவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் குழந்தை வளர்ந்து கிழவியாகிற வரைக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நானே ஸ்டேஷனுக்குப் போய், முன்பு சொன்னது பொய் என்று சொன்னேன். அங்கிருந்த பெண் அதிகாரி, இதைக் கோர்ட்டில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். மறுநாள் இங்கே வந்தேன். யோசிக்க ஒரு நாள் கொடுத்தார்கள்.

நேற்று மத்தியானம் காத்தவராயன் சாப்பிட வந்தபோது இதை எல்லாம் அவரிடம் சொன்னேன். மூன்று தடவை பெயிண்ட் அடித்ததிலிருந்து அரிசி டிரம் வரைக்கும் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வளையம் வரலன்னு பாரதிக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவகிட்ட நான் சொல்லல."

அவர் எழுந்து கை கழுவினார். என்னைத் திட்டவில்லை. வெண்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தார். நல்லூரில் அவருடைய அக்கா வீடு இருக்கிறது. சாயந்திர பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நான் குழந்தைக்குத் தலை பின்னிவிட்டேன். அதுவரைக்கும் அவர் பையோடு வாசலில் நின்றார்.

"பெரியம்மா வரலியாப்பா?" என்று குழந்தை கேட்டது.

"அவங்களுக்குக் கோர்ட்டுல வேல இருக்குது" என்றார்.

அந்தக் குழந்தையிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவர் சொல்வாரா என்று தெரியாது. சொன்னால் சொல்லட்டும்.

இஃப்திகார் என்ற அந்தத் தம்பிமேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. அவனை விட்டுவிட வேண்டும். டேங்கின் அடித்தகடு துருப்பிடித்து மெலிந்து போயிருந்தது என்று தொழிற்சாலை அதிகாரிகள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். காற்றில் இருக்கிற ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகத் தேங்கும்; அதைத் தினமும் அடிக் குழாயைத் திறந்து வடிக்க வேண்டியதும் என் வேலைதான். துருத்தண்ணீர் சரக்குமேல் தெறிக்கிறது என்று மழைக்காலத்தில் வாரம் ஒரு முறைதான் வடித்தேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுத்தர் ஐயா எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினார். ஆயுத பூஜை பற்றிய இடத்தில், "போதிய படிப்பறிவு இல்லாததால், விளைவு அறியாமல்" என்று எழுதியிருந்தது. எனக்கு நல்லது நினைத்துத்தான் எழுதியிருப்பார். அதை அடித்துவிடச் சொன்னேன். படிக்காதவளுக்கும் விளங்குகிற மாதிரிதான் அந்தத் தம்பி சொல்லியிருந்தான். வளையம் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதை வெட்கத்துக்காக மறைத்தேன், அதில் என் தங்கச்சி செத்தாள். அந்த இடத்தில் "தெரிந்திருந்தும் சொல்லாமல்" என்று மாற்றி எழுதச் சொன்னேன். அது எனக்குக் கெடுதல் என்று நடுவர் அம்மா அவர்கள் மறுபடியும் எடுத்துச் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன். அடித்து எழுதிய வரிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

முன்பு போலீசில் நான் சொன்னது பொய். இந்தப் பக்கங்களில் இருப்பது நடந்தது. முழுவதும் படிக்கக் கேட்டேன், திருத்திய பிறகு சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வீராயி
10.12.2025